சாடியில நிண்ட வதந்தியும் வேலியில நிண்ட நஞ்சும்

போன நத்தாருக்கு நாங்கள் நாலு பேர் உடையார்கட்டில ஒரு நண்பரின்ட வீட்டில நிண்டம். அவரின்ட சித்தி கிளிநொச்சியில இருந்து சிவப்பு இலைச் செடி ஒண்டைச் சாடியோட வாங்கி வந்து விறாந்தையில வச்சிருந்தா. நத்தார் வாழ்த்து அட்டைகளில வருமே, பொயின்செற்றியா, அதேதான். விடிய எழும்பிப் பார்த்தால் வீட்டு நாய் ஜிம்மி ரெண்டு இலையைக் கடிச்சுத் துப்பியிருக்கு. வாயால வீணி வடியுது.

உடன போனைத் தட்டினம். "இந்தச் செடி நாய்க்கும் பூனைக்கும் கொடிய நஞ்சு" எண்டு வரிசையா வந்து விழுந்தது. எங்களில ஒராள் அழவே தொடங்கிட்டா. அம்மம்மா மட்டும் அசையேல்லை. "பால் பட்டு வாய் கடிக்குது, தண்ணி வையுங்கோ. வேலிக்கரையில நிக்கிற கார்த்திகைக் கிழங்கை அவன் கிண்டாமப் பாத்தால் காணும்" எண்டு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மத்தியானம் ஜிம்மி வழமை போலச் சோறு திண்டான்.

வரலாறு படிக்கிற பிள்ளைகள் எண்ட படியால் எங்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. போன் ஏன் ஒண்டைச் சொன்னது, அம்மம்மா ஏன் வேறொண்டைச் சொன்னா?

முதலில் சாடிச் செடியின் கதை. அது மெக்சிக்கோவின் செடி. அங்கத்தைய அஸ்டெக் மக்கள் அதன் சிவப்பு இலைகளில இருந்து சாயம் எடுத்தவை. அமெரிக்காவின் முதல் தூதுவராக 1825இல் மெக்சிக்கோவுக்குப் போன ஜோயல் பொயின்செற் அதைத் தன்ர நாட்டுக்கு அனுப்பினார். அவரின்ட பெயரே செடிக்கும் ஒட்டிக்கொண்டது. கலிபோர்னியாவில ஒரு நாற்றுமேடைக் குடும்பம் அதை நத்தார் வியாபாரமாக்க, அது உலகம் முழுக்கப் பரவியது.

கெட்ட பெயர் வந்தது 1919இல். ஹவாயில ஒரு இராணுவ அதிகாரியின்ட ரெண்டு வயசுப் பிள்ளை இந்த இலையைத் திண்டு செத்ததாக ஒரு கதை கிளம்பியது. அது வெறும் கேள்விக் கதை எண்டு பிறகு தெரிய வந்தது. ஆனால் அதுக்குள்ள கதை புத்தகங்களில ஏறிட்டுது. ஒரு புத்தகத்தைப் பார்த்து அடுத்த புத்தகம் எழுத, பிறகு இணையம் எழுத, கடைசியில எங்கட கைக்கு வந்தது. இடையில 1971இல் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில எலிகளுக்கு இந்தச் செடியை அளவுக்கு மிஞ்சிக் குடுத்துப் பார்த்தவை. எலிகளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. 1996இல் வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்க நச்சு மையங்களுக்கு வந்த 22,793 பொயின்செற்றியா அழைப்புகளை எடுத்துப் பார்த்தது. அதில ஒரு சாவு கூட இல்லை. பெரும்பாலான ஆக்களுக்கு எந்தக் குணங்குறியும் இல்லை.

அதுக்காகப் பாதிப்பே இல்லை எண்டு இல்லை. அது எங்கட கள்ளியின் பேரினத்தைச் சேர்ந்தது. முறிச்சால் வெள்ளைப் பால் வரும். நாய், பூனை கடிச்சால் வாய் எரியும், வீணி வடியும், சிலவேளை சத்தியும் எடுக்கும். பெரும்பாலும் அதோட சரி. அம்மம்மா பாலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறா.

இனி வேலிக்கு வருவம்.

கார்த்திகைப் பூவை எங்களுக்கு ஆரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குறிஞ்சிப்பாட்டில வரிசையா வாற பூக்களில முதல் பூ செங்காந்தள். தமிழ்நாட்டுக்கு அது மாநிலப் பூ, சிம்பாப்வேக்குத் தேசியப் பூ. விடுதலைப் புலிகளும் அதைத் தங்கட தேசியப் பூவாக அறிவிச்சவை. கார்த்திகை வந்தால் எங்கட ஊர்களில அது படமாக, சின்னமாக எங்கும் தெரியும். ஆனால் அது ஒரு செடி, அதுக்குக் கீழ ஒரு கிழங்கு இருக்கு எண்டதை நாங்கள் மறந்திட்டம்.

கலப்பை மாதிரி வளைஞ்சு கிளைச்சு இருக்கிறதால அதுக்குக் கலப்பைக் கிழங்கு எண்டும் பெயர். அதுக்குள்ள இருக்கிறது கொல்கிசின். 1820இல் பிரான்சில, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியில இருந்து முதலில் பிரிச்செடுத்தவை. அளவா எடுத்தால் கவுட் எண்ட மூட்டு நோய்க்கு மருந்து. தமிழ்நாட்டில விவசாயிகள் இதன் விதைக்காகவே வயல் போடுகினம். அளவு தப்பினால் அது உடம்பின் கலங்கள் பிரியிறதையே நிப்பாட்டும். திண்டவுடன ஒண்டும் தெரியாது. சில மணித்தியாலம் கழிச்சுத்தான் சத்தியும் வயித்தாலயும் தொடங்கும், பிறகு உறுப்புகள் ஒவ்வொண்டாப் பழுதாகும். மனுசருக்கும் நாய்க்கும் ஆட்டுக்கும் இதே கதைதான். வத்தாளங்கிழங்கு எண்டு நினைச்சு இதைச் சாப்பிட்ட ஆக்களும் எங்கட நாட்டில இருக்கினம்.

இந்த விசயம் அம்மம்மாவுக்குத் தெரியும். எங்கட நண்பருக்கு ஏன் தெரியாது?

2009 தை மாதம் 21ஆம் திகதி, உடையார்கட்டுப் பக்கத்தையும் சேர்த்துப் பாதுகாப்பு வலயம் எண்டு அரசு அறிவிச்சது. அங்க ஓடி வந்த சனத்தோட ஊர்ச் சனமும் கிழக்க கிழக்க இடம்பெயர்ந்தது. நண்பருக்கு அப்ப அஞ்சு வயசு. பிறகு முகாம். வேலிக்கரையில அம்மம்மாவுக்குப் பின்னால திரிஞ்சு "இதைத் தொடாத, அதை ஆடு திண்ணாது" எண்டு கேட்டு வளர வேண்டிய வயசில அவர் தகரக் கொட்டிலுக்கு முன்னால வரிசையில நிண்டவர். திரும்பி வரேக்க வீடும் இல்லை, வேலியும் இல்லை. கார்த்திகைக் கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கிடந்து, மழைக்குத் தானா முளைச்சுது. அதைப் பற்றிச் சொல்லித் தாறது மட்டும் அப்பிடித் தானா முளைக்கேல்லை. அந்த இடத்தைப் போன் நிரப்பிச்சுது, அதுவும் ஹவாய்க் கதையால.

போன் சொல்லுறதெல்லாம் பொய் எண்டும் நாங்கள் சொல்லேல்லை. பூச்செண்டில வாற லில்லியைப் பூனை திண்டால், ஏன், உடம்பில பட்ட மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகலாம். அது அம்மம்மாவுக்குத் தெரியாது, ஏனெண்டால் அந்த லில்லி அவவின்ட வேலியில வளரேல்லை. பூசைக்குப் பறிக்கிற அலரி இதயத்தைத் தாக்கும் எண்டது ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு அறிவும் வேணும்.

உங்கட வீட்டு நாயோ பூனையோ எதையாவது திண்டால், உப்புத்தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்காதேங்கோ. செடியில ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிட்டப் போங்கோ. கார்த்திகைக் கிழங்கெண்டால் குணங்குறி வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் திரும்ப முதல், அம்மம்மாவோட வேலியைச் சுத்தி ஒருக்கா நடந்தம். அவ ஒவ்வொரு செடியாப் பெயர் சொல்ல, நண்பர் கொப்பியில எழுதினார். கார்த்திகைக் கொடியை நாங்கள் பிடுங்கேல்லை. ஜிம்மி போகாத மாதிரி அந்தப் பக்கத்துக்கு ஒரு துண்டு வலை அடிச்சுப்போட்டு வந்தம்.