அஞ்சலட்டையில் எழுதிய அந்தரங்கம்



காரைக்கால்காரர்களுக்குக் கடல் தாண்டிய உறவு புதிதல்ல. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் விலகிக்கொண்டபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பாரீசில் பிள்ளை, சிங்கப்பூரில் மாமன், துபாயில் மச்சான் என்று சொல்லாத தெரு இங்கே குறைவு. முதலில் நீல நிற ஏரோகிராம், பிறகு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசும் ஐ.எஸ்.டி. அதற்கும் பிறகு, 2000-ஐ ஒட்டிய வருடங்களில், தட்டித் தடுப்பு போட்ட பிரவுசிங் சென்டர்.

நம்ம ஊரில் ராத்திரி ஏழு மணி என்றால் குளிர்காலத்துப் பாரீசில் பகல் இரண்டரை. அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டு யாஹூ மெசஞ்சரில் காத்திருந்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல் போதாது. பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு, மாப்பிள்ளையின் சம்பளம், மாமியார் சண்டை எல்லாம் அந்தச் சின்ன ஜன்னலில்தான் நடந்தன. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்ததால் எல்லாம் பத்திரம் என்று நம்பினோம். உண்மையில் நாம் எழுதியது ஒட்டி மூடிய இன்லாண்ட் கடிதமே அல்ல. வெறும் அஞ்சலட்டை. போகிற வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சும்மா சொல்லவில்லை. அந்நாளைய சென்டர்கள் பலவற்றில் கம்ப்யூட்டர்களை இணைத்தது 'ஹப்' என்ற மலிவான பெட்டி. ஒரு கம்ப்யூட்டருக்கு வரும் தகவலை அது அறையில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பும். உரியவர் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மரியாதை. மரியாதை இல்லாதவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். அமெரிக்காவில் டக் சாங் என்பவர் இந்த ஆபத்தை உலகத்துக்குக் காட்டவே 'டிஸ்னிஃப்' என்ற கருவித் தொகுப்பை வெளியிட்டார். அதில் 'எம்.எஸ்.ஜி.ஸ்னார்ஃப்' என்று ஒரு சின்ன நிரல். ஏ.ஓ.எல்., ஐ.சி.க்யூ., எம்.எஸ்.என்., யாஹூ ஆகிய நான்கின் அரட்டையையும் வழியிலேயே பிடித்து வரிசையாக எழுதிக் காட்டும். பூட்டை உடைக்கும் வேலையே அதற்கு இல்லை, பூட்டே கிடையாதே!

அப்போது தமிழில் அரட்டை அடிக்க டிஸ்கி எழுத்துரு இரண்டு பக்கமும் வேண்டும். எழுத்துரு இல்லாதவர் கண்ணுக்குப் புள்ளியும் கோடுமாகக் குப்பை தெரியும். 'பார்த்தாயா, யாருக்கும் புரியாது' என்று பெருமைப்பட்டவர்கள் உண்டு. எழுத்துருவோ இலவசம், இறக்கிக்கொண்டவன் எவனும் படிக்கலாம். சிரிப்பாக இருக்கிறதல்லவா? பெரிய கம்பெனிகள் செய்ததும் இதே காரியம்தான்.

ஏ.ஓ.எல். வெளியாருக்கென்று கொடுத்த 'டாக்' நெறிமுறையில் பாஸ்வேர்டை 'வறுத்து' அனுப்புவார்கள். 'ரோஸ்டிங்' என்றே அதற்குப் பெயர். வறுப்பது எப்படி? பாஸ்வேர்டின் ஒவ்வொரு எழுத்தையும் 'டிக்/டாக்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளோடு எக்ஸ்-ஆர் என்ற கணக்கால் கலப்பது. சிறிய 'ஏ'யின் எண் 97. பெரிய 'டி'யின் எண் 84. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 53. அந்த 53-ஐ மறுபடி 84-உடன் எக்ஸ்-ஆர் செய்தால் பழைய 97 வந்து நிற்கும். சாவி உலகம் முழுவதற்கும் ஒன்றே. இதை எளிதில் அவிழ்த்துவிடலாம் என்று ஏ.ஓ.எல். ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது. வறுத்த கடலையைத் திரும்பப் பச்சைக் கடலையாக்க முடியாது. இவர்கள் வறுத்ததை ஆக்கலாம்.

இந்தச் சங்கதியெல்லாம் வெளியே தெரிந்ததில் பெரும்பங்கு, மென்பொருளைப் பிரித்துப் பார்த்தவர்களுடையது. ரிவர்ஸ் என்ஜினியரிங் என்றால் ஏதோ திருட்டு வேலை என்று நினைக்க வேண்டாம். ரேடியோ மெக்கானிக் மூடியைக் கழற்றி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தடவிப் பார்ப்பதைப் போன்றது. லினக்ஸில் ஏ.ஓ.எல். நண்பர்களோடு பேச வேண்டும் என்பதற்காக 1998-ல் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் 'கெய்ம்' எழுதினார் (2007-லிருந்து அதன் பெயர் பிட்ஜின்). பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு கம்பெனியின் நெறிமுறையையும் அவிழ்த்து அதில் சேர்த்தார்கள். யாஹூ தன் நுழைவு முறையை மாற்றி வெளியாரை அடைத்தபோது, போட்டி மென்பொருளான ட்ரில்லியனின் ஆட்கள் அவிழ்த்த விடையைக் கெய்முக்கும் கொடுத்தார்கள். இதுவல்லவா பெருந்தன்மை!

ஆனால் இந்த வரலாற்றின் உச்சக்காட்சி 1999. அந்த ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.என். மெசஞ்சரை வெளியிட்டது. ஏ.ஓ.எல். கணக்கு உள்ளவர்களோடும் அதிலிருந்தே பேசலாம் என்றது. அதற்காக ஏ.ஓ.எல். நெறிமுறையை அவர்கள் பிரித்துப் படித்திருந்தார்கள். ஏ.ஓ.எல். தடுத்தது. மைக்ரோசாஃப்ட் மாற்றியது. மறுபடி தடுப்பு, மறுபடி மாற்றம். இந்தப் பூனை-எலி ஆட்டம் வாரக்கணக்கில் நடந்தது.

கடைசியில் ஏ.ஓ.எல். எடுத்த ஆயுதம், தன் சொந்த மென்பொருளிலேயே இருந்த ஓட்டை! ஒரு படி பிடிக்கும் பாத்திரத்தில் ஒன்றரைப் படி அரிசியைக் கொட்டினால் மீதி பக்கத்தில் சிந்தும் அல்லவா? நினைவகத்திலும் அப்படித்தான். ஒதுக்கிய இடத்துக்கு மேல் தகவல் வந்தால், அது பக்கத்தில் உள்ள இடத்தில் வழியும். வழிந்ததைக் கம்ப்யூட்டர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டால், அனுப்பியவன் சொன்னபடி அது ஆடும். 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்பது இதுதான். ஏ.ஓ.எல். சர்வர் அளவு மீறிய செய்தி ஒன்றை அனுப்பும். அது வழிந்து கட்டளையாகி, ஏ.ஓ.எல். மென்பொருளின் வயிற்றிலிருந்தே சில பைட்டுகளை எடுத்துத் திருப்பி அனுப்பும். மைக்ரோசாஃப்டின் மென்பொருளில் அந்த வயிறு ஏது? பதில் வராது, இணைப்பு அறுந்துபோகும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கான வாடிக்கையாளர் வீட்டில் கதவு திறந்திருப்பது தெரிந்தும், அதை மூடாமல் காவலுக்குப் பயன்படுத்தியதை என்னால் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

எதிராளி செய்ததும் அழகில்லை. அந்த ஆகஸ்டில் 'ஃபில் பக்கிங்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற பாதுகாப்பு நிபுணருக்குப் போனது. தனி ஆள் ஒருவர் ஏ.ஓ.எல். ஓட்டையைக் கண்டுபிடித்து எழுதியதுபோல இருந்தது. ஸ்மித் தலைப்புக் குறிப்புகளைப் புரட்டினார். கடிதம் மைக்ரோசாஃப்டின் வலையமைப்பிலிருந்தே கிளம்பியிருந்தது! பெயர் பொய், ஓட்டை மெய். அந்த மெசஞ்சரை எழுதிய பொறியாளர்களில் ஒருவரான டேவிட் ஆயர்பாக் 2014-ல் இந்தக் கதையை விரிவாக எழுதினார். மைக்ரோசாஃப்ட் 1999 முடிவதற்குள் முயற்சியைக் கைவிட்டது. அதே வகை வியாதி 2002 ஜனவரியிலும் ஏ.ஓ.எல். மெசஞ்சரில், விளையாட்டு அழைப்பைக் கையாளும் பகுதியில், 'வூவூ' என்ற குழுவினர் கண்ணில் பட்டது. அப்போது சில நாளில் அடைத்தார்கள்.

பூட்டு எப்போது வந்தது என்று கேட்பீர்கள்.  2004-ல் நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பர்க், எரிக் புரூவர் மூவரும் 'ஓ.டி.ஆர்.' என்ற மறையீட்டு முறையை வெளியிட்டார்கள். அதைக் கெய்மில் செருகிக்கொண்டால், யாஹூவிலோ ஏ.ஓ.எல்.லிலோ இருவர் பேசுவது நடுவிலுள்ள சர்வருக்கே புரியாது. பிரித்துப் பார்த்தவர்கள் கட்டிய திண்ணையில்தான் இந்தப் பூட்டு தொங்கியது. அந்த வழிவந்த சிக்னல் முறையைத்தான் வாட்ஸ்அப் 2016-ல் எல்லோருக்கும் கொடுத்தது.

அதே வாட்ஸ்அப்பின் இளமைக்காலம் தெரியுமா? 2012 வரை செய்திகள் பூட்டில்லாமல் போயின. ஆண்ட்ராய்டில் நுழைவுச் சாவியோ, போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தலைகீழாகத் திருப்பி எம்.டி.5 கணக்குப் போட்டது. ஐ.எம்.இ.ஐ. போன் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்! பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லித்தான் இதுவும் வெளியே வந்தது.

கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சட்டச் செய்தி. நமது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், 1999 திருத்தம் ஒரு வழி விட்டிருக்கிறது. முறையாக வைத்திருக்கும் மென்பொருளை, வேறு மென்பொருளோடு ஒத்து இயங்கச் செய்வதற்கு வேண்டிய விவரம் வேறு விதத்தில் எளிதில் கிடைக்காதபோது, அதற்காகப் பிரித்து ஆராயலாம். இயங்கும் விதத்தைக் கவனித்துச் சோதிக்கவும் செய்யலாம். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றிப் புகுந்தால் மட்டும் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் வந்து நிற்கும்.

ஏ.ஓ.எல். மெசஞ்சர் 2017 டிசம்பரிலும், யாஹூ 2018 ஜூலையிலும், ஐ.சி.க்யூ. 2024 ஜூனிலும் கடையைக் கட்டின. ஆனாலும் அவிழ்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு ஆர்வலர்கள் புதிய சர்வர்கள் எழுதியிருக்கிறார்கள். 'எஸ்கார்கோ' என்ற சேவையில் பழைய எம்.எஸ்.என். மெசஞ்சர் மறுபடி உயிர்பெற்றது. ஆசைக்கு நிறுவிப் பார்ப்பவர்கள் அதற்கென்று ஒரு புதுப் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அதே பழைய நிரல், அதே பழைய ஓட்டைகளோடு.