டிராக் பந்தயத்தில் நேரச் சீர்மை

டிராக் பந்தயத்தில் நேரச் சீர்மை என்பது ஒரே தானுந்து, ஒரே நேர்தடத்தில், அடுத்தடுத்த ஓட்டங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளும் தன்மையாகும். டிராக் பந்தயம் நின்ற நிலையிலிருந்து தொடங்கி நேர்கோட்டில் நடைபெறும் முடுக்கப் போட்டி ஆகும். இதன் மரபுவழித் தொலைவு கால் மைல், அதாவது 402.336 மீட்டர். தானியங்கிக் கியர் கொண்ட வண்டிகளில் சீர்மையை எய்துவது ஒப்பீட்டளவில் எளிது. கிளட்சும் கையியக்கக் கியரும் கொண்ட சாதாரணச் சாலைக் கார்களில் அது பெருமளவு ஓட்டுநரின் கால்களையும் கைகளையும் சார்ந்தது. சென்னையின் தட்பவெப்பமும் போக்குவரத்தும் இதனை மேலும் கடினமாக்குகின்றன.

சீர்மை ஏன் தேவைப்படுகிறது

அமெரிக்காவில் 1951 ஆம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவரால் நேஷனல் ஹாட் ராட் அசோசியேசன் தொடங்கப்பட்ட பின் டிராக் பந்தயத்திற்கு முறையான விதிகள் உருவாயின. அவற்றுள் சாலைக் கார் வைத்திருப்போருக்கு மிகவும் பொருந்துவது 'பிராக்கெட்' முறை ஆகும். இதில் ஒவ்வொரு ஓட்டுநரும் தமது கார் எடுக்கப்போகும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மெதுவான காருக்கு இரு நேரங்களின் வேறுபாட்டு அளவுக்கு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். அறிவித்ததைவிட விரைவாக ஓடியவர் தகுதி இழப்பார்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 17.20 நொடி எனவும் மற்றவர் 14.90 நொடி எனவும் அறிவித்தால் முதலாமவர் 2.30 நொடி முன்னதாகப் புறப்படுவார். விரைவான கார் 14.88 நொடியில் ஓடி முதலில் எல்லையைக் கடந்தாலும், மற்றவர் விதி மீறாதவரை, அது தோற்றதாகவே கொள்ளப்படும். எனவே பழைய மாருதி 800 ஒன்று பன்மடங்கு ஆற்றலுள்ள காரை நேர்மையாக வெல்ல இம்முறையில் இடமுண்டு.

எஞ்சின் கொள்ளளவு வாரியாகப் பிரித்து நேரடியாக ஓட்டும் போட்டிகளிலும் சீர்மைக்குப் பயன் உண்டு. ஒருவர் நான்கு ஓட்டங்களில் 16.41, 16.44, 16.39, 16.43 நொடிகளும், மற்றொருவர் 15.98, 16.70, 16.21, 16.55 நொடிகளும் எடுப்பதாகக் கொள்வோம். இரண்டாமவரின் சராசரி சற்றே குறைவுதான். ஆனால் டயரின் காற்றழுத்தத்தை மாற்றினால் 0.1 நொடி மிச்சமாகுமா என்பதை முதலாமவரால் மட்டுமே கண்டறிய முடியும். இரண்டாமவரின் 0.72 நொடி விலகலுக்குள் அந்த மாற்றம் மறைந்துவிடும்.

நேரம் அளக்கப்படும் முறை

தொடக்கக் கோட்டில் குறுக்கே செல்லும் ஒளிக்கதிர்களை முன் சக்கரம் மறைப்பதன்மூலம் கார் நிறுத்தப்படும் இடம் அறியப்படுகிறது. சக்கரம் கதிரை விட்டு விலகும் கணத்தில் ஓட்ட நேரம் எண்ணப்படத் தொடங்குகிறது. பச்சை விளக்கு எரிந்ததற்கும் கார் நகர்ந்ததற்கும் இடைப்பட்ட எதிர்வினை நேரம் தனியே குறிக்கப்படும். அது ஓட்ட நேரத்தில் சேராது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவது புதியோரிடம் வழக்கம்.

சக்கரம் கதிருக்குள் எவ்வளவு தூரம் நுழைந்து நிற்கிறது என்பதும் முக்கியமானது. சில அங்குலங்கள் பின்னே நின்றால் நேரம் எண்ணப்படுமுன் காருக்குச் சிறிது ஓட்டம் கிடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் கதிர் விளக்கு எரிந்தபின் மிக மெல்ல நகர்ந்து, இரண்டாம் விளக்கு எரிந்தவுடன் நிற்பது முறையாகும். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் எல்லையைக் கடக்கும் கார் 0.01 நொடியில் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் செல்கிறது. கைக்கடிகாரத்தால் அளந்த நேரங்களை நம்பவியலாமைக்கு இதுவே காரணம்.

கிளட்சும் முதல் பதினெட்டு மீட்டரும்

கால் மைலில் முதல் 60 அடி, அதாவது 18.288 மீட்டர், மொத்தத் தொலைவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் 16 நொடிக் கார் ஒன்று தன் நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை இங்கேயே செலவிடுகிறது. இங்கு இழந்த 0.1 நொடி எல்லைக் கோட்டில் 0.15 நொடியாகவோ அதற்கு மேலாகவோ வெளிப்படும் என்பது பந்தய ஓட்டுநரிடையே வழங்கும் கணக்கு.

இந்தியச் சாலைக் கார்களுள் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. கார் முடுக்கமடையும்போது எடை பின்புறம் சாய்வதால், இயக்கும் முன் சக்கரங்களின் மீதுள்ள சுமை குறைகிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் டயர் வெறுமனே சுழலும். மிக மெதுவாக விட்டால் கிளட்ச் தட்டு வழுக்கிச் சூடேறும். இவ்விரண்டிற்கும் இடையேயான குறுகிய பகுதியை ஒவ்வொரு முறையும் தொடுவதே கையியக்கக் காரில் சீர்மையின் சாரம்.

அதற்கான வழி, மாறக்கூடியவற்றைக் குறைப்பதாகும். பச்சை விளக்குக்கு முன் எஞ்சினை ஒரு குறிப்பிட்ட சுழற்சியில், எடுத்துக்காட்டாக நிமிடத்திற்கு 3000 சுற்றில், நிலைநிறுத்த வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளிவரை மிதியை உயர்த்தி வைத்து, அங்கிருந்து ஒரே வேகத்தில் விட வேண்டும். டயர் சுழன்றால் அடுத்த ஓட்டத்தில் சுழற்சியை 200 அல்லது 300 மட்டும் குறைத்துப் பார்க்கலாம். ஒரே ஓட்டத்தில் சுழற்சியையும் கால் விடும் வேகத்தையும் டயர் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன விளைந்தது என்பது தெரியாது.

நகரப் பயன்பாடு இங்கு குறுக்கிடுகிறது. தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும், மயிலாப்பூர் லஸ் முனையிலும், அடையாறு மத்திய கைலாசம் சந்திப்பிலும் நாள்தோறும் ஊர்ந்து செல்லும் கார், ஓட்டுநர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்லும் நிலையிலேயே நெடுநேரம் இயங்குகிறது. இதனால் தட்டு தேய்ந்து, பிடிக்கும் புள்ளி மிதியின் மேற்பகுதிக்கு நகர்கிறது. கம்பிவடம் மூலம் இயங்கும் கிளட்சில் மிதியின் வெற்றசைவும் மாறும். ஞாயிற்றுக்கிழமை தடத்திற்குச் செல்லும் காரின் கிளட்ச், சென்ற மாதம் ஓட்டிப் பழகிய அதே கிளட்ச் அன்று. தொடர்ந்து இரண்டு மூன்று ஓட்டங்கள் ஓட்டியபின் எரிந்த வாடை வந்தால் ஆறவிடுவதே நல்லது. சூடேறிய தட்டின் உராய்வு வேறுபடுவதால் அடுத்த நேரத்தை ஒப்பிட முடியாது.

கியர் மாற்றம்

ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் கிளட்ச் மிதிபட்டிருக்கும் நேரம் முழுதும் சக்கரங்களுக்கு விசை செல்வதில்லை. ஒரு மாற்றம் ஒருமுறை 0.3 நொடியும் மறுமுறை 0.5 நொடியும் எடுத்தால், மூன்று மாற்றங்களில் வேறுபாடு கணிசமாகிவிடும். முரட்டு வேகத்தைவிட ஒரே சீரான அசைவு மேலானது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது நெம்புகோலை இறுகப் பிடித்து இழுப்பதால் தவறான பள்ளத்தில் விழும் விபத்து அடிக்கடி நேர்கிறது. அது முதல் கியரில் விழுந்தால் எஞ்சின் தாங்காத சுழற்சிக்குச் சென்று வால்வுகள் வளையக்கூடும். சுழற்சிமானி இல்லாத கார்களில் வேகமானியில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு வேகத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வேகத்தில் மாற்றுவது வழக்கம்.

வெப்பமும் எடையும்

ஓட்ட நேரம் ஏறத்தாழ எடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தின் கன மூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 24 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட 38 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழ 4.5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கடலோர ஈரப்பதம் அதை இன்னும் சிறிது குறைக்கும். டர்போ இல்லாத எஞ்சினின் ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவு குறைவதாகக் கொண்டால், 16 நொடிக் காருக்கு இது ஏறக்குறைய கால் நொடி தாமதம். எனவே சென்னையில் காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் எடுத்த நேரங்களை அருகருகே வைத்து, ஓட்டுநர் சோர்ந்துவிட்டார் என முடிவு செய்வது தவறு. வரிசையில் காத்திருக்கையில் எஞ்சின் அறையில் தேங்கும் வெப்பமும் இதேபோல் செயற்படுகிறது.

ஆயிரம் கிலோகிராம் காரில் 30 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 22 கிலோகிராம். இது 0.1 நொடிக்குச் சற்று மேல். நண்பர் ஒருவர் உடன் அமர்ந்தால் விளைவு இதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். டயர் காற்றழுத்தம் சுமார் 6 பாகை வெப்ப உயர்வுக்கு ஒரு பிஎஸ்ஐ கூடுவதால் அதனை ஒவ்வொரு ஓட்டத்திற்கு முன்பும் அளந்து, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவது பயன் தரும்.

சென்னையில் களங்கள்

1953 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகரின் வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990 இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடம் திறக்கப்பட்டது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் வாகையர் போட்டிகள் இத்தடத்தில் நடந்துள்ளன. தடத்தின் அண்டையிலேயே ஹூண்டாய் தொழிற்சாலை உள்ளது. 1990களின் இறுதியில் இளைஞர் விரும்பிய ஆக்சென்ட், மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஐகான், திருவள்ளூரில் உருவான மிட்சுபிசி லான்சர் ஆகிய மூன்றுமே சென்னைச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவை. மாற்றுறுப்புகளுக்குப் புதுப்பேட்டையும், அலங்கார உறுப்புகளுக்கு ஜி.பி. சாலையும் நெடுங்காலமாக நாடப்படுகின்றன.

சாலைப் பந்தயமும் சட்டமும்

கடற்கரைச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இரவில் நடக்கும் பந்தயங்கள் காவல்துறைக்கு நெடுநாளைய தலைவலி. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189 ஆவது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதலின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டியில் ஈடுபடுவதும் அதனை அனுமதிப்பதும் குற்றம். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை அதே சட்டத்தின் 52 ஆவது பிரிவு தடுக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நகரச் சாலையில் சீர்மையை அளக்க வழியில்லை. தொடக்கக் கதிர் கிடையாது, மேற்பரப்பு கஜத்துக்குக் கஜம் மாறுகிறது. எல்லையைக் கடந்தபின் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு, நன்கு பிரேக் பிடித்தாலும், நூறு மீட்டரளவு காலி இடம் வேண்டும். அவ்விடத்தில் தெருவைக் கடப்பவரோ, விளக்கில்லாத மிதிவண்டியோ, உறங்கும் மாடோ இருக்கக்கூடும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் அரசு ஒப்புதலுடன், சாலைகளை மூடி, தடுப்புகள் அமைத்து நடத்தப்பட்டது. ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுற்றுப்பாதை அண்ணா சாலையின் ஒரு பகுதியையும் நேப்பியர் பாலத்தையும் உள்ளடக்கியிருந்தது.