உயரமானவர்களுக்கான மோட்டார் சைக்கிள் இருக்கை

உயரமானவர்களுக்கான மோட்டார் சைக்கிள் இருக்கை என்பது, வண்டியோடு வந்த சீட்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் மாற்று இருக்கை. நீண்ட கால்களும் நீண்ட உடலும் உள்ளவர் நெடுநேரம் ஓட்டுவதற்கு ஏற்றபடி அதன் உயரம், சரிவு, அகலம், நீளம், உள்ளே வைக்கும் ஃபோம் ஆகியவை மாற்றப்பட்டிருக்கும். புதிதாக வாங்கியும் பொருத்தலாம். பழைய சீட்டையே பிரித்து, குஷன் ஏற்றி, புதிய உறை தைத்தும் பெறலாம். இதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மென்மையைத்தான். கடைசியில் பார்க்க வேண்டியதும் அதுதான். உயரமானவருக்கு வரும் வலி, ஃபோம் கெட்டியாக இருப்பதால் மட்டும் வருவதில்லை. முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிக் கிடப்பதும், உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகர முடியாததும்தான் பெரும்பாலும் காரணம்.

தொழிற்சாலை இருக்கையின் குறை

வண்டி விற்கும் இடத்தில், வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிப் பார்க்கிறார். ஊன்ற முடிந்தால் துணிச்சல் வருகிறது. முடியாவிட்டால் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார். எனவே தயாரிப்பாளர்கள் இருக்கையைக் கூடியவரை தாழ்த்துகிறார்கள். ஓட்டுபவரின் இடத்தைக் குழித்து, டேங்க்கை ஒட்டிய பகுதியை ஒடுக்குகிறார்கள். இந்திய ஆண்களின் சராசரி உயரம் 165 செ.மீ.யை ஒட்டியது என்பதால், இங்கே விற்கும் வண்டிகளில் இது நியாயமான முடிவும்கூட. ஆனால் 6 அடியைத் தாண்டியவருக்கு அந்தக் குழிவே சிறையாகிறது. முன்னால் டேங்க், பின்னால் பில்லியன் இருக்கையின் படி. இரண்டுக்கும் நடுவே அவர் அசையாமல் அமர வேண்டியிருக்கிறது. சரிவு முன்னோக்கி இருந்தால், பிரேக் போடும்போதெல்லாம் உடல் வழுக்கி டேங்க்கில் இடிக்கும். அதைத் தடுக்கக் கையையும் தொடையையும் ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருப்பார். மாலையில் வண்டியை நிறுத்தும்போது தோள்பட்டையில் வரும் வலிக்கும் இதுவே வேர்.

இருக்கை உயரமும் முழங்கால் கோணமும்

விவரப் பட்டியல்களில் அச்சாகும் 'இருக்கை உயரம்' தரையிலிருந்து அளந்தது. ராயல் என்ஃபீல்டு மீட்டியாருக்கு அது 765 மி.மீ., கிளாசிக் 350க்கு 805, யமஹா ஆர்15 வண்டிக்கு 815, சுசுகி வி-ஸ்ட்ரோம் 650க்கு 835. வண்டி நிற்கும்போது கால் எட்டுமா என்பதை இந்த எண் சொல்லும். ஓடும்போது முழங்காலுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. மீட்டியாரைவிட ஆர்15 உயரமானது. ஆனாலும் அதன் ஃபுட்ரெஸ்ட் மேலே, பின்னால் இருப்பதால் கால் அதில்தான் அதிகம் மடங்குகிறது. உயரமானவர் அளந்து பார்க்க வேண்டிய முதல் அளவு, இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடையிலான தூரம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 170 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தொடை, கணைக்கால் இரண்டும் ஏறத்தாழ 42 செ.மீ. வீதம் இருக்கும். 190 செ.மீ. உயரமுள்ளவருக்கு 47 செ.மீ. ஒரு வண்டியில் இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் மூட்டுவரை 64 செ.மீ. தூரம் அமைகிறது என்று கொள்வோம். முதலாமவரின் முழங்கால் 99 பாகை விரிந்திருக்கும். இரண்டாமவருடையது 86 பாகைதான். நெட்டையானவர் 90 பாகையைத் தொடுவதற்கே அந்தத் தூரம் இன்னும் 2.5 செ.மீ. கூட வேண்டும். மற்றவருக்குக் கிடைத்த அதே விரிவைப் பெறுவதற்கோ சுமார் 7.5 செ.மீ. தேவை. இருக்கையை மட்டும் உயர்த்தி அவ்வளவையும் ஈடுகட்ட முயல்வது விவேகம் அன்று. 2.5 முதல் 5 செ.மீ. வரை உயர்த்துவதே பொதுவான வழக்கம். மீதியை, உட்காரும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளியும், தேவைப்பட்டால் ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தியும் பெறுகிறார்கள்.

உயர்த்தினால் கால் தரைக்கு எட்டாதே என்ற பயம் உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே தள்ளிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உட்கால் நீளம் கிடைக்கும். 190 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 88 செ.மீ.க்கு அருகில் வரும். ஏறி உட்கார்ந்ததும் ஃபோமும் சஸ்பென்ஷனும் சில செ.மீ. அமுங்கும். காலணியின் அடிப்பகுதியும் கொஞ்சம் உயரம் தரும். ஆகவே 850 மி.மீ. இருக்கையில்கூட அவரால் ஊன்றி நிற்க முடியும்.

வடிவம்

உயரத்துக்கு அடுத்து வடிவம். உடலின் எடையைத் தாங்குவதற்கென்றே இயற்கை வைத்திருப்பவை, இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். நாற்காலியில் உள்ளங்கையை வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் அவற்றை உணரலாம். நல்ல இருக்கை அந்த முனைகளுக்குக் கீழே அகலமாகவும் சமமாகவும் இருந்து, அவற்றைச் சுற்றியுள்ள தசைக்கும் தொடைக்கும் எடையைப் பகிர்ந்து கொடுக்கும். வால் எலும்பையும் கவட்டைப் பகுதியையும் அழுத்தாது. கவட்டையில் மரத்துப்போகும் உணர்வு வந்தால், அங்குள்ள நரம்பும் இரத்த ஓட்டமும் அழுத்தப்படுகின்றன என்று பொருள். அதைப் பழகிவிடும் என்று விடக் கூடாது. இருக்கையின் முன்பகுதி தூக்கலாக இருப்பதோ, சரிவு டேங்க்கை நோக்கி இருப்பதோ காரணமாக இருக்கும்.

உயரமானவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. குட்டையானவர் தரையைத் தொட வேண்டுமானால் இருக்கையின் முன்பகுதி ஒடுங்கியே ஆக வேண்டும். நெட்டையானவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தொடையின் கீழ்ப்பகுதிவரை தாங்கும்படி முன்பகுதியையும் சற்று அகலமாக வைத்துக்கொள்ளலாம். அதே சமயம் நீளவாட்டில் சமதளம் வேண்டும். ஆழமாகக் குழித்த இருக்கை கடையில் முதுகை அணைத்துப் பிடித்து இதமாக இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் அதுவே தண்டனை. சமமான நீண்ட இருக்கையில் ஓட்டுபவர் சிறிது முன்னும் பின்னும் நகர்ந்து அமரலாம். அப்படி நகரும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் வேறிடத்துக்கு மாறி, இரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கும். நெடும்பயணத்தில் இந்தச் சிறு நகர்வுகளுக்கு ஈடாக எந்த விலையுயர்ந்த ஃபோமும் இல்லை.

உள்ளீடு

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் புரூக்ஸ், லைசெட், டெர்ரி போன்ற நிறுவனங்கள் செய்த ஸ்பிரிங் சேடில்கள் இருந்தன. 1929இல் டன்லப் நிறுவனம் ரப்பர் பாலிலிருந்து நுரை ரப்பரை உருவாக்கியது; பிறகு பாலியூரித்தேன் வந்தது. இன்றைய இருக்கைகளில் பெரும்பாலானவை அச்சில் வார்த்த பாலியூரித்தேன் ஃபோம். இதில் அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதைக் குறிக்கும். ஃபோம் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கெட்டித்தன்மை, அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் குறிக்கும். அடர்த்தி குறைந்த மலிவான ஸ்பாஞ்சைத் தடிமனாக ஏற்றினால் முதல் மாதம் சுகமாக இருக்கும். பிறகு அது தளர்ந்து, எலும்பு முனைகள் அடித்தட்டில் இடிக்கத் தொடங்கும். உயரமானவர்களின் எடையும் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதால் இது இன்னும் விரைவில் நடக்கும். எடைக்கு ஏற்ற கெட்டித்தன்மையைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எதையும் சொல்லாது.

அதிர்வுக்கும் இதில் பங்கு உண்டு. உட்கார்ந்த மனித உடல், மேலும் கீழுமான அசைவில் நொடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுகளுக்கு மிகக் கூடுதலாக ஆடும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளில் தருவது நொடிக்கு 67 அதிர்வுகள். ஃபோம் பின்னதை நன்றாக வடிகட்டிவிடும். மேடு பள்ளத்தால் வரும் மெதுவான ஆட்டத்தையோ, மிக மென்மையான தடித்த ஃபோம் பெருக்கிக் காட்டும். நெடுஞ்சாலையில் இதமான மெத்தை, பள்ளம் நிறைந்த சாலையில் இடுப்பை ஆட்டி எடுப்பது இதனால்தான்.

ஜெல் பட்டைகள் பெரிதும் விளம்பரம் செய்யப்படுகின்றன. ஜெல் ஃபோம்போல் அமுங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். மெல்லிய பட்டையாக வைத்தால் பயன் சொற்பம். வெயிலில் நிறுத்திய வண்டியில் சூட்டை விடாமல் பிடித்துவைக்கும். நமது ஊர்ப் பகல் வெயிலில் அது சிறிய குறை அன்று. மெமரி ஃபோம் குளிரில் இறுகும், வெப்பத்தில் தளரும். காற்றறைத் திண்டு வேறு வகை. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க அமர்ந்திருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க அமெரிக்காவின் ரோஹோ நிறுவனம் உருவாக்கிய, ஒன்றோடொன்று இணைந்த சிறு காற்றறைகளின் நுட்பமே ஏர்ஹாக் என்ற பெயரில் பைக்குகளுக்கு வந்தது. அதில் காற்றை முழுதாக நிரப்புவதுதான் பலரும் செய்யும் பிழை. உட்கார்ந்த பிறகு அடித்தட்டில் இடிக்காத அளவுக்கு மட்டும் காற்று இருந்தால் போதும். சீட்டை வெட்ட மனமில்லாதவருக்கு இது நல்ல தொடக்கம்.

பெறும் வழிகள்

எளியது, வண்டித் தயாரிப்பாளரே விற்கும் உயர இருக்கை. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியின் இருக்கையை 850, 870 மி.மீ. என இரு நிலைகளில் வைக்கலாம். சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வண்டியிலும் 825, 845 என இரு நிலைகள் உண்டு. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் காசு செலவழிக்கும் முன் மேல்நிலையில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹார்லி-டேவிட்சன், நெட்டையானவர்களைப் பின்தள்ளி அமர்த்தும் 'டால்பாய்' இருக்கைகளை விற்கிறது.

தனி உற்பத்தியாளர்களில் அமெரிக்கர்களே முன்னோடிகள். கலிஃபோர்னியாவின் ஹோலிஸ்டரில் இயங்கும் கார்பின் நிறுவனத்தின் இருக்கைகள் கெட்டியான ஃபோமுக்கும் தோல் உறைக்கும் பேர்போனவை. ஓட்ட ஓட்டத்தான் உடலுக்குப் பழகும். ஐடஹோவின் சீட் கான்செப்ட்ஸ், ஃபோமையும் உறையையும் மட்டும் அனுப்பி, வண்டியின் சொந்த அடித்தட்டில் பொருத்திக்கொள்ளச் செய்கிறது. பல வண்டிகளுக்கு உயரமான அளவும் தருகிறது. ரஸ்ஸல் டே-லாங் இருக்கைகள், தொடைகளைத் தாங்க இருபுறமும் இறக்கைபோல் விரிந்தவை. ஓட்டுபவரின் உயரம், எடை, வண்டியில் அமர்ந்த நிலையின் படம் ஆகியவற்றைப் பெற்று அவருக்கென்றே அதைச் செய்கிறார்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. ஓட்டுபவர்களுக்குச் சான்று வழங்கும் அயர்ன் பட் சங்கத்தினரிடையே இதற்குத் தனி மதிப்பு.

இந்தியாவில் பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டும் வழி, சீட் தைப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் இதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. அவரிடம் "சாஃப்டா போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வருவதுதான் காசை வீணாக்கும் வழி. எத்தனை செ.மீ. உயர்த்த வேண்டும், படியை எவ்வளவு பின்னுக்குத் தள்ள வேண்டும், சரிவை எங்கே நிரப்ப வேண்டும் என்பதை எழுதிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். யோகா விரிப்பு போன்ற கெட்டியான தட்டையான ஃபோமை வெட்டிச் சீட்டின்மேல் அசையாமல் கட்டி, இரண்டு மணி நேரம் ஓட்டினால், வேண்டிய உயரம் தெரிந்துவிடும். பில்லியனில் புடவையோடு ஒருபக்கமாக உட்காருபவர் வீட்டில் இருந்தால், பின்னிருக்கையைச் சாய்வாகவோ ஒடுக்கமாகவோ வெட்டவிடக் கூடாது. வீட்டில் குட்டையான இன்னொருவரும் அதே வண்டியை ஓட்டுவார் என்றால் பழைய சீட்டை வெட்டாமல், இன்னொரு சீட் வாங்கி அதில் வேலை செய்வதே நல்லது. சாவியால் கழற்றும் சீட்டை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

உறையாகப் போடும் ரெக்ஸின் மழையைத் தாங்கும். ஆனால் தையல் துளை வழியே நீர் இறங்கி ஃபோம் ஊறிவிடும். உட்காரும் இடத்தில் தையல் வராதபடி கேட்பது இரண்டு வகையில் நன்மை: நீரும் இறங்காது, தொடையிலும் உறுத்தாது.

உயர்த்திய பின் மாறுபவை

இருக்கை 3 செ.மீ. உயர்ந்தால், ஹேண்டில்பார் 3 செ.மீ. தாழ்ந்ததாக ஆகிவிடும். முதுகு வளைந்து எடை மணிக்கட்டுக்குப் போனால், ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர்கள் தேவைப்படும். கேபிளும் பிரேக் குழாயும் முழுத் திருப்பத்திலும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தே பொருத்த வேண்டும். முன்கண்ணாடி உள்ள வண்டியில் தலை, அதுவரை தப்பியிருந்த காற்றுச் சுழலுக்குள் போய், ஹெல்மெட் அதிரத் தொடங்கலாம். ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தினால் கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். வளைவில் சாயும்போது அது தரையில் முன்னதாகவே உரசும்.

இந்தியாவில் இருக்கையின் குஷனை மாற்றுவது வேறு, இருவர் வண்டியை ஒருவர் வண்டியாக்குவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. இருக்கை எண்ணிக்கையும் அவற்றில் ஒன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும், உடை சக்கரத்தில் சிக்காத தடுப்பும் வேண்டும் என்கிறது. புதிய சீட்டுக்கு இடம் பண்ணுவதற்காக அவற்றைக் கழற்றக் கூடாது.

பழகுதல்

புதிய ஃபோம் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே தன் நிலைக்கு வரும். அதற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதன்பிறகும் ஒரே இடத்தில் எரிச்சலோ மரப்போ வந்தால், அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு தைத்தவரிடமே திரும்பப் போகலாம். அனுபவமுள்ளவர்கள் முதல் தடவை உறையை நிரந்தரமாக அடிக்காமல் தற்காலிகமாக இழுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்ததும் ஃபோமை இன்னும் சில மில்லிமீட்டர் செதுக்கியபின் கடைசித் தையல் போடுவார்கள். இந்த இரண்டாம் வெட்டுக்குச் சம்மதிக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பது நல்லது.