போட்டு வாறன்

2008ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி சனிக்கிழமை, ரொறொன்ரோவைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உதைபந்தாட்ட ரசிகர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரத்து மைதானத்தில் நின்றார்கள். பஸ்களிலும் கார்களிலும் எல்லை கடந்து போனவர்கள். ரொறொன்ரோ எவ்.சி. கழகத்தின் இரண்டாவது பருவகாலத்தில் அது முதலாவது ஆட்டம். போகவர ஏறத்தாழ 1400 கிலோமீற்றர். கழகம் 2-0 என்று தோற்றது. வந்தவர்கள் அதே பாதையால் வீடு திரும்பினார்கள். ஆயினும் பழைய ரசிகர்களிடம் கதை கொடுத்தால், வென்ற பல ஆட்டங்களை மறந்தாலும் அந்தப் பயணத்தை மறக்கமாட்டார்கள்.

இக்கட்டுரை அந்த ஆட்டத்தைப் பற்றியதல்ல. தன் கழகத்துக்காக ஒருவன் ஊர்விட்டு ஊர் போய் எதிராளியின் மைதானத்தில் நின்று சத்தம்போட்டுவிட்டுத் திரும்பி வருகிற வழக்கம் எங்கிருந்து வந்தது, அதில் எம்மைப் போன்றவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்பதே இங்கு கேள்வி.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள். 1850இல் அங்கு நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளம் வயதினரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்வதைத் தடை செய்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே காலப்போக்கில் ஆண்களுக்கும் அந்த அரைநாள் ஓய்வு கிடைத்தது. அதோடு மலிவான சுற்றுலா ரயில்களும் வந்துசேர்ந்தன. 1883இல் லங்காஷயர் ஆலை நகரமொன்றின் கழகமான பிளாக்பேர்ன் ஒலிம்பிக், பிரபுக்களின் பாடசாலையான ஈற்றனின் பழைய மாணவர் அணியை லண்டனில் வென்று எவ்.ஏ. கிண்ணத்தைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு பிளாக்பேர்ன் றோவர்ஸ் கழகத்தோடு ரயிலேறி வந்த ரசிகர்களை, 'பல் மல் கசற்' என்ற லண்டன் பத்திரிகை ஏதோ படையெடுத்து வந்த காட்டுக் கூட்டத்தைப்போல வர்ணித்தது. தலைநகரம் தொழிலாளியைத் திரளாகக் கண்டு மிரண்ட சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே இப்பயணத்துக்கு மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. சனிக்கிழமை ஓய்வு, வாங்கக்கூடிய விலையில் ஒரு ரிக்கற், இரவு திரும்பிப் போக ஒரு வீடு. நாலாவதாக ஒன்று இருந்தது. நாட்டுக்குள் நடந்த பயணம் என்பதால் அன்று அதைப்பற்றி எவரும் யோசிக்கவில்லை. அதுதான் கடவுச்சீட்டு.

ரொறொன்ரோவில் உதைபந்தாட்டத்தை வளர்த்தவர்கள் பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களே. இத்தாலியர், போர்த்துக்கேயர், சேர்பியர், குரோவேஷியர் என்று ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் கழகம் வைத்திருந்தார்கள். 1956இல் தொடங்கிய ரொறொன்ரோ குரோவேஷியா, 1975இல் மெற்றோஸ் என்ற தொழில்முறைக் கழகத்தோடு இணைந்தது. 1976 ஓகஸ்ட் 28ஆம் திகதி சியாற்றிலில் நடந்த வட அமெரிக்க லீக்கின் இறுதியாட்டத்தில், போர்த்துக்கலின் யூசேபியோவையும் வைத்துக்கொண்டு, மெற்றோஸ்-குரோவேஷியா மினசோற்றா கிக்ஸ் அணியை 3-0 என்று வென்றது. அன்று குரோவேஷியா என்றொரு சுதந்திர நாடு உலகில் இருக்கவில்லை, அது யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதி. இல்லாத நாட்டின் பெயர் ஒரு கண்டத்தின் கிண்ணத்தில் ஏறிவிட்டது. இனப் பெயர்களைக் கழகங்கள் சூட்டிக்கொள்வது லீக்கின் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. 1979இல் கழகம் கைமாறி ரொறொன்ரோ பிளிசார்ட் என்றாகி, அந்தப் பெயர் மறைந்தது.

பின்னர் வந்தது ஒரு வறண்ட காலம். 1997இல் தொடங்கிய ரொறொன்ரோ லிங்ஸ் கழகத்துக்கு வார்சிற்றி மைதானத்தில் ஒரு சிறு கூட்டம்தான் வந்தது. அதில் 'யூ' என்ற பகுதியில் நின்று பாடியவர்கள் தங்களை 'யூ செக்ரர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 2007இல் ரொறொன்ரோ எவ்.சி. உருவாகி பி.எம்.ஓ. மைதானம் திறந்தபோது, பாட்டுகளையும் பயணப் பழக்கத்தையும் புதிய கழகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இவர்களும் அடங்குவர். கூடவே 'றெட் பாட்ச் போய்ஸ்' என்ற குழுவும் எழுந்தது. கனடிய இராணுவத்தின் முதலாவது டிவிசன் தோளில் அணிந்த சிவப்புத் துண்டிலிருந்து வந்தது அந்தப் பெயர். இராணுவம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஒதுங்கிப் பழகிய எம்மவர் சிலர் பின்னாளில் அந்தக் கூட்டத்தோடு நின்று கைதட்டினார்கள் என்பதும் இந்நகரத்தில் நடக்கக்கூடியதுதான். முதல் நான்கு ஆட்டங்களில் கழகம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மே 12ஆம் திகதி டனி டிச்சியோ 24ஆவது நிமிடத்தில் முதலாவது கோலை அடித்ததும், இலவசமாகக் கொடுத்திருந்த இருக்கை மெத்தைகள் மைதானத்துக்குள் மழையாக விழுந்தன. தோல்வியையே பார்த்துப் பழகியவர்கள் அப்படித்தான் சந்தோசப்படுவார்கள்.

அந்தக் கூட்டம்தான் 2008இல் கொலம்பஸ் போனது. ரொறொன்ரோவிலிருந்து கொலம்பஸ் போவதற்கு நேரான வழி, நயாகரா ஆற்றைக் கடந்து பஃபலோவுக்குள் நுழைவது. போட் ஈரியையும் பஃபலோவையும் இணைக்கும் 'சமாதானப் பாலம்' 1927இல் திறக்கப்பட்டது. இரு நாடுகளும் நூறாண்டுக்கு மேல் யுத்தமின்றி இருந்ததை நினைவுகூரவே அந்தப் பெயர்.

எம்மவர் பலருக்கு அந்தப் பாலத்தை வேறு காரணத்துக்காகத் தெரியும். 1983க்குப் பின் அமெரிக்காவில் வந்திறங்கி, அங்கிருந்து கனடாவில் அகதி வழக்குப் பதிய விரும்பியவர்கள் பஃபலோவில்தான் காத்திருந்தார்கள். 'வீவ்' என்ற தொண்டு நிறுவனம் அங்கு நடத்திய விடுதியில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களோடு இலங்கைத் தமிழரும் படுத்தெழும்பி, விசாரணைத் திகதி வந்ததும் பாலத்தைக் கடந்தார்கள். 2004 டிசம்பர் 29இல் பாதுகாப்பான மூன்றாம் நாடு என்ற உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், கனடாவில் நெருங்கிய உறவினர் உள்ளவர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர ஏனையோருக்கு அந்த வழி அடைபட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, அதே எல்லையை எதிர்த்திசையில் சிவப்புச் சால்வை போட்ட ரசிகர்கள் கடந்தார்கள். அவர்கள் இரவு திரும்பி வருவார்கள் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பாலத்தை ஒரேயொரு முறை, ஒரேயொரு திசையில் கடந்தவர்களின் நிலைமை அப்படியல்ல. கனடியக் குடியுரிமை பெற்றவர் விசா இல்லாமல் அமெரிக்கா போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கு நிரந்தர வதிவிடம் பெற்றவருக்கும், அகதிகளுக்கான பிரயாணப் பத்திரம் வைத்திருப்பவருக்கும் விசா வேண்டும். வழக்கு முடியாதவரோ எல்லைப் பக்கம் போவதையே நினைக்கமாட்டார். ஆட்டத்துக்கான ரிக்கற் எல்லோருக்கும் ஒரே விலைதான், ஆனால் பயணம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

யாழ்ப்பாணத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறவன் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போட்டு வாறன்' என்பான். திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துத்தான் படி இறங்குவான். உதைபந்தாட்டம் பார்க்கப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள். நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கழகம். சுற்றுப்போட்டி என்றால் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரரிலும் லொறியிலும் ஊர் வெளிக்கிடும். எதிரூரில் நின்று தன் கழகத்துக்குக் கத்துவதும், தோற்றால் வழிநெடுக நடுவரைத் திட்டிக்கொண்டு வருவதும் லங்காஷயர் தொழிலாளி எமக்குச் சொல்லித் தந்தவையல்ல. ஆனால் 1990இல் ஆனையிறவுப் பாதை மூடுண்டது. 2002 ஏப்ரலில் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடுண்டது. குடாநாட்டுக்கு வெளியே போய் ஆடுவது, பார்ப்பது எல்லாம் பாஸ் எடுக்கிற காரியமாகி, பிறகு முடியாத காரியமாகியது. ஊருக்குள் இருந்த மைதானமும் சும்மா இருக்கவில்லை. 1999இல் யாழ். துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2016 யூன் 18இல் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்ட அரங்கு திறக்கப்பட்டது. சொந்த மைதானம் என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் உச்சரிக்க வேண்டும்.

கொலம்பஸ் போகமுடியாதவர்களுக்கும் ஒரு பயணம் மிஞ்சியிருந்தது. மொன்றியல். ரொறொன்ரோவிலிருந்து 540 கிலோமீற்றர், நடுவில் எல்லை இல்லை, எவரும் பத்திரம் கேட்கமாட்டார்கள். 2009 யூன் 18ஆம் திகதி கனடியக் கிண்ணத்தை வெல்ல ரொறொன்ரோ அங்கு நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்லவேண்டியிருந்தது. முதல் கோலை மொன்றியல் அடித்தது. முடிவில் ரொறொன்ரோ 6-1 என்று வென்றது. மூன்று கோல்களை அடித்தவர் டுவெய்ன் டி றொசாரியோ. கயானாவிலிருந்து வந்த பெற்றோருக்கு ஸ்கார்பரோவில் பிறந்த பிள்ளை, எம்மவர் செறிந்து வாழ்கிற அதே ஸ்கார்பரோ. அந்த ஆண்டின் திகதிகளைத் தமிழர் ஒருவர் வேறுவிதமாகத்தான் எண்ணுவார். மே 10ஆம் திகதி, பி.எம்.ஓ. மைதானத்துக்கு அருகால் போகிற கார்டினர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர் ஏறி உட்கார்ந்து யுத்தத்தை நிறுத்தும்படி கேட்டார்கள். மே 18இல் எல்லாம் முடிந்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்துத்தான் மொன்றியல் ஆட்டம். ஒரே நகரம் ஒரே கோடையில் இரண்டு விதமாகச் சத்தமிட்டது. ஒன்றுக்குப் பதில் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

2016 நவம்பர் 22ஆம் திகதி மொன்றியல் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த அரையிறுதியின் முதலாவது ஆட்டத்துக்கு எங்கள் குசினியிலிருந்து நாலுபேர் போனோம். ரெஸ்ரோறன்ற் வேலைக்காரனுக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடையாது. மற்றவர்களின் சனிக்கிழமை ஓய்வில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை என்பதால் லீவு கிடைத்தது. எங்களில் ஒருவருக்கு வழக்கு முடியவில்லை. அவருக்கு இந்நாட்டில் அதுதான் முதலாவது தூரப் பயணம். பெனால்ரிப் பெட்டியின் கோடுகளைப் பிழையாக வரைந்துவிட்டார்கள் என்று ஆட்டம் பிந்தித் தொடங்கியது. 61,004 பேர் காத்திருந்தோம். மொன்றியல் மூன்று கோல் அடித்தது. பிறகு அல்ரிடோரும் பிராட்லியும் ஒவ்வொன்று அடிக்க 3-2 என்று முடிந்தது. இரவோடு இரவாக 401 வீதியால் திரும்பினோம். கிங்ஸ்ரனில் கோப்பி குடிக்க இறங்கியபோது வழக்கு முடியாதவர் சொன்னார்: "அண்ணை, ஒரு இடத்துக்குப் போய் வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறது எனக்கு எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான்." எட்டு நாட்கள் கழித்து ரொறொன்ரோவில் மேலதிக நேரத்தில் 5-2 என்று வென்று கழகம் இறுதியாட்டத்துக்குப் போனது. அன்றைக்கு நாங்கள் வேலையில் நின்றோம்.

தமிழருக்கென்றும் ஓர் அணி உண்டு. 2012இல் குர்திஸ்தானிலும், 2014இல் சுவீடனின் எஸ்ரர்சுண்டிலும், 2018இல் லண்டனிலும் நடந்த, பீபாவில் இடம்பெறாத அணிகளுக்கான சுற்றுப்போட்டிகளில் தமிழீழ அணி ஆடியது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த இளைஞர்களே ஆட்டக்காரர்கள். அந்த அணிக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். ஆனால் அங்கு வந்த தமிழ் ரசிகர்களில் லண்டன்காரர் லண்டனில் வீட்டிலிருந்தே வந்தார். மற்றக் கழகங்களுக்கு வீடு ஓரிடத்தில் இருக்கும், ரசிகர் பயணம் செய்வார். எமக்கு அணிதான் ஊர் ஊராகப் போய் ரசிகரைத் தேடவேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் கனடா-அமெரிக்க எல்லை மூடப்பட்டது. அமெரிக்கக் கழகங்கள் ரொறொன்ரோவுக்கு வரமுடியாமல் போக, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ரொறொன்ரோ எவ்.சி. தன் 'சொந்த மைதான' ஆட்டங்களைக் கனெற்றிகற் மாநிலத்தின் ஈஸ்ற் ஹாட்பேட்டில் ஆடியது. 2021இலும் சில மாதங்கள் புளோரிடாவில் ஆடவேண்டியிருந்தது. கழகமே வீடில்லாமல் அலைந்தது. கனடியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ரசிகர்கள் காரில் ஏறிப் போகமுடியவில்லை. 2021 நவம்பர் 8ஆம் திகதிதான் தடுப்பூசி போட்ட கனடியர்களுக்கு அமெரிக்கா தன் தரைவழி எல்லையைத் திறந்தது. அந்த இருபது மாதங்களில், தன் கழகம் ஆடுகிற இடத்துக்குப் போகமுடியாத கவலையை ரொறொன்ரோ ரசிகர் எல்லோரும் ஒருமுறை அனுபவித்தார்கள். சிலருக்கு அது புதிய கவலை, சிலருக்குப் பழையது.

வெளியூர் ஆட்டத்துக்குப் போவது ஆட்டத்தைப் பார்ப்பதற்காக மட்டுமல்ல. ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் இதைவிட வடிவாகப் பார்க்கலாம். போனவன் அங்கு 'நான் ரொறொன்ரோவிலிருந்து வந்தனான்' என்று சத்தம்போட்டுச் சொல்கிறான். இரவு அந்த ஊருக்கே திரும்புகிறான். அகதியாக வந்தவனிடம் எங்கிருந்து வந்தாய் என்று அதிகாரி கேட்பார், அயலவர் கேட்பார், வேலையிடத்தில் கேட்பார்கள். அவன் சொல்லும் பதிலுக்குப் பின்னால் எப்போதும் திரும்பிப் போகமுடியாத ஒரு பெயர் இருக்கும். எதிராளியின் மைதானத்தில்தான் அந்தக் கேள்விக்கு, திரும்பிப் போகக்கூடிய ஓர் ஊரின் பெயரை முதன்முறையாகப் பதிலாகச் சொல்கிறான். குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் இதைச் செய்வதாகச் சொல்வார்கள். சிலருக்கு அதைவிட முந்தி மொன்றியலில், தோற்ற இரவொன்றில், அது நடந்துவிடுகிறது.