காதுக்கு ஒரு வால்வு

போன மாசம் எங்க வாழப்பாடி வீட்டு மச்சுல பழைய சாமான் ஒழிச்சப்போ, தாத்தாவோட வால்வு ரேடியோ கிடைச்சது. பெட்டியைப் பாதி கரையான் தின்னுடுச்சு. "எடைக்குப் போட்டுட்டு வா சாமி, இடத்தை அடைக்குது"ன்னாங்க அம்மா. எனக்கு மனசு வரலை. ஒரே ஒரு குமிழை மட்டும் கழட்டி வெச்சுக்கிட்டேன். அந்தக் குமிழ்தான் என்னை ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப் கட்ட வெச்சது. கட்டும்போது தோண்டின சரித்திரம்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். இன்னிக்கு வால்வு ஆம்ப்னா பணக்காரங்க பொழுதுபோக்குன்னு ஆயிடுச்சு. லட்ச ரூபாய்க்கெல்லாம் விக்கிறாங்க. ஆனா நம்ம ஊர்ல வால்வோட கதையே சிக்கனத்துல ஆரம்பிச்சதுதான்.

1904ல ஃபிளெமிங் ரெண்டு முனை வால்வைச் செஞ்சார். 1906ல அமெரிக்காக்காரர் லீ டி ஃபாரஸ்ட் நடுவுல ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலைக்குக் கொடுக்கிற சின்ன மின்னழுத்தம், உள்ளே ஓடுற பெரிய மின்சாரத்தை ஆட்டி வைக்கும். வாய்க்கால் மடையைக் கையால லேசாத் தூக்கினா வயலுக்கே தண்ணி பாயுதில்லையா, அதே மாதிரிதான். வால்வுன்னா மடைன்னே வெச்சுக்கலாம்.

இது வர்றதுக்கு முன்னாடி கிரிஸ்டல் செட்டுதான். அதுல சத்தத்தைப் பெருக்க வழியே கிடையாது. ஹெட்போனைக் காதுல வெச்சு ஒருத்தர் கேப்பார், மத்தவங்க அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க! வால்வு வந்து ஸ்பீக்கரைப் பேச வெச்சதும் ஒருத்தர் காதுக்குள்ள இருந்த பாட்டு கூடத்துக்கு வந்துச்சு.

நம்ம மாகாணத்துல இதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. 1924ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சப்போ அவங்க கையில இருந்தது வெறும் 40 வாட் ஒலிபரப்பி. நம்ம வீட்டு பழைய குண்டு பல்பு அளவு சக்தி! அதை வெச்சுத்தான் அந்த வருஷம் ஜூலை 31 அன்னிக்கு ஒலிபரப்பைத் தொடங்கினாங்க. காசு பத்தாம 1927ல கிளப்பை மூடிட்டாங்க. கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போச்சு. 1930ல மாநகராட்சி அதை வெச்சே மறுபடி ஒலிபரப்பு ஆரம்பிச்சது. மெரினாவுல ஒலிபெருக்கி கட்டி ஜனங்களுக்குப் பாட்டு போட்டாங்க. அடுத்தவங்க விட்டுட்டுப் போன சாமான்ல வண்டி ஓட்டுறது அப்பவே ஆரம்பிச்சாச்சு பாருங்க. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938லதான், திருச்சிக்கு 1939ல.

நம்ம கொங்குப் பக்கம் வந்தா, கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு. அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே செஞ்சு காட்ட முடியும்னு 1941லயே அறிவிச்ச மனுஷன். வெள்ளைக்காரன் காலத்துல, அதுவும் யுத்தம் நடக்கிறப்போ! ரேடியோங்கிறது எல்லாரும் வாங்கற சாமானா இருக்கணும்னு அவர் நினைச்சிருக்கார்.

மேட்டூர்ல 1937ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாலும் எல்லா ஊருக்கும் கம்பி உடனே வந்துடலை. கம்பி வராத ஊருல பேட்டரியில ஓடுற வால்வு செட்டு. அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ வந்துச்சு. ஒரு பெட்டி, ஒரு குழாய், ஊரே கேட்டுச்சு.

1961ல பெங்களூர் பெல் நிறுவனம் ஹாலந்து பிலிப்ஸ் கூட்டுல ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே அங்கேயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரும் வந்துடுச்சு. பொறந்த உடனேயே தம்பி போட்டிக்கு வந்த கதை. கடைசியில தம்பி ஜெயிச்சான், வால்வெல்லாம் மெக்கானிக் மேசை டிராயருக்குள்ள போயிடுச்சு.

அப்படி ஒரு டிராயர்ல இருந்துதான் எனக்கும் கிடைச்சது. சேலத்துல ஒரு வயசான ரேடியோ மெக்கானிக், "பெங்களூர் சரக்கு தம்பி, பத்திரமா வெச்சுக்க"ன்னு ரெண்டு ஈசிசி82 எடுத்துக் கொடுத்தார். சர்க்யூட் பீட் மில்லட்ங்கிற அமெரிக்கர் போட்டது. 'பட்டினி மாணவன்'னு பேர் வெச்சிருக்கார், பொருத்தமான பேர்! யாரும் சீண்டாத 19ஜே6ங்கிற வால்வை வெச்சு அவர் வடிவமைச்சார். எல்லாரும் அதையே தேடினதுல அது அருகிப் போச்சு. அப்புறம் ஈசிசி82க்கு, அதாவது 12ஏயூ7க்கு மாத்திக் கட்ட ஆரம்பிச்சாங்க. வால்வு சத்தத்தைப் பெருக்கும், பின்னாடி ஒரு மாஸ்பெட் ஹெட்போனை இழுக்கும். அந்த மாஸ்பெட் வழியா ஓடுற மின்சாரமே வால்வோட இழையையும் சூடு பண்ணிடும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

பவருக்கு, ஆபீஸ் மேசை போனுக்கு வர்ற 48 வோல்ட் அடாப்டர், பழைய இரும்புக் கடையில எடுத்தது. மொத்தச் செலவு 1,500 ரூபாய்க்குள்ள. முதல் நாள் ஒரே 'ங்ங்'னு இரைச்சல். எர்த் கம்பியை ரெண்டு இடத்துல முடிச்சு வெச்சிருந்தேன். எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்துக் கட்டினதும் அடங்கிடுச்சு. வால்யூமுக்கு தாத்தா குமிழ்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு ஒரு முழுப் பாட்டு கேட்டார். குமிழை விரலால தடவிப் பாத்தார். ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா தாத்தா ரேடியோ வெச்சா பக்கத்து வீட்டுக்காரங்களும் திண்ணையில வந்து உக்காருவாங்க. இது என்ன, நான் மட்டும் கேக்கறேன்?"னார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஒத்தைக் காதுல இருந்து பாட்டைத் தெருவுக்குக் கொண்டு வந்த வால்வை, நான் மறுபடி ஒத்தைக் காதுக்கே கொண்டு போயிட்டேன். அடுத்து ஒரு ஸ்பீக்கர் ஆம்ப் கட்டணும்.

மக்களே, உங்க வீட்டு மச்சுலயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா எடைக்குப் போடாதீங்க. அதுக்காக நேரா பிளக்கையும் சொருகிடாதீங்க. உள்ளே 250 வோல்ட் வரைக்கும் ஓடும், ஸ்விட்சை அணைச்ச பிறகும் கண்டென்சர் பிடிச்சு உதறும். விவரம் தெரிஞ்ச ஒரு பெரிய மெக்கானிக்கைத் தேடிப் பிடிங்க. அவங்க இருக்கறப்பவே கத்துக்கிட்டாத்தான் உண்டு.