வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி

இலாப நோக்கற்ற மருத்துவமனை, கல்வி நிலையம். 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் இதை ஒரே படுக்கையுடன் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததே அவரை மருத்துவம் படிக்க வைத்தது. அந்த ஒரே படுக்கை 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. சாலையோர மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டி, மருந்து கொடுத்து அடுத்த ஊருக்கு நகர்வார் ஐடா. இந்நிறுவனத்தின் ஆகச்சிறந்த மரபு அதுவே எனலாம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942இல் எம்.பி.பி.எஸ்.; 1947 முதல் ஆண்களுக்கும் இடம். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி இயங்கவைக்கும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் பால் பிராண்ட் இங்கேதான் வளர்த்தெடுத்தார். அருகிலுள்ள கே.வி.குப்பத்தில் 1977 முதல் ஊரக நலப்பணி நடக்கிறது. மருத்துவ மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று மக்களின் வாழ்நிலையைக் கேட்டறிகிறார்கள்.