லிட்டருக்கு எத்தனை மில்லி?

மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பெட்ரோலை அப்படியே ஊற்றுவதில்லை. சிறிது எண்ணெய் கலந்தே ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் 40 மில்லி என்பார். மற்றொருவர் 20 மில்லி போதும் என்பார். யார் சொல்வது சரி? விடை இந்த எஞ்சினின் வரலாற்றில் இருக்கிறது.

இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே, ஓர் இரு வீச்சு எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். அதில் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை, முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் பாய்கிறது. கிராங்க் அறையே பம்பாக வேலை செய்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வேண்டிய எண்ணெய், பெட்ரோலோடு சேர்ந்தே வந்தாக வேண்டும்.

இந்தக் குறையே ரம்பத்துக்கு வசதியாயிற்று. தேங்கிய எண்ணெய் இல்லாத எஞ்சினை எப்படிச் சாய்த்தாலும் மசகுக்குக் குறைவில்லை அல்லவா? 1929-இல் ஜெர்மனியில் ஆந்திரியாஸ் ஷ்டீல் செய்த பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ. அதை இயக்க இருவர் வேண்டும். 1959-இல் வந்த 'கான்ட்ரா' ரம்பமோ 12 கிலோதான், ஒருவரே இயக்கலாம்.

பழைய ரம்பங்கள் பலவற்றில் சாதாரண எஞ்சின் எண்ணெயை 16-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தார்கள். அதாவது லிட்டருக்கு 60 மில்லிக்கும் மேல்! இதன் விளைவு என்ன? புகைபோக்கும் துவாரத்தில் கரி அடைத்தது. ஸ்பார்க் பிளக்கில் சாம்பல் படிந்தது. எரியாத எண்ணெய்ப் புகையோ, ரம்பம் பிடித்தவரின் நெஞ்சுக்குள் போயிற்று.

பின்னர் சாம்பல் குறைந்த தனி எண்ணெய்கள் வந்தன. ஊசி உருளை பேரிங்குகளும் பரவின. விகிதம் 25-க்கு 1 ஆகி, பிறகு 50-க்கு 1 ஆயிற்று. முன்னது லிட்டருக்கு 40 மில்லி. பின்னது 20 மில்லி. 2000-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13738 தரம், இத்தகைய எண்ணெய்களை வகைப்படுத்தியது. அதில் 'இ.ஜி.டி.' என்பது உயர்ந்த வகை.

எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று நீங்கள் எண்ணலாம். அப்படியன்று. எண்ணெய் கூடக் கூட, அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. கார்புரேட்டரைத் திருத்தாவிட்டால் எஞ்சின் அதிகமாகச் சூடேறும். எண்ணெய் குறைந்தாலோ பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

படகு எஞ்சின் எண்ணெயும் இதற்கு உதவாது. அது நீரால் குளிரும் எஞ்சினுக்கானது. ரம்பமோ காற்றால் குளிர்வது, வெப்பம் மிகுந்தது.

ஆகவே, 40 என்றவரும் 20 என்றவரும் தத்தம் ரம்பத்தையும் எண்ணெயையும் வைத்தே சொன்னார்கள். உங்கள் ரம்பத்துக்கான விடை அதன் கையேட்டில் இருக்கிறது. 50-க்கு 1 என்று அதில் இருந்தால், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. கண்மதிப்பாக ஊற்றாதீர்கள், அளந்தே ஊற்றுங்கள்.